கூரையை மடக்கலாமா, நிறுத்தலாமா? ஏற்காட்டு மலையில் இரண்டு பிக்கப் வீடுகள்

சேலத்தில் ‘கேம்பர்’ என்று சொன்னால் மஹிந்திராவின் பொலேரோ கேம்பரைத்தான் நினைப்பார்கள். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றலாம். இரட்டை கேபின் வண்டி. மதியம் டிரைவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்வதைத் தவிர அதில் யாரும் தூங்குவதில்லை. நான் எழுதப்போவது பிக்கப்பின் தொட்டிக்குள் உட்காரும் வீட்டைப் பற்றி.

எங்களுக்கு இது உல்லாசத்துக்காக வந்தது அல்ல. மாமனாருக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி கடைசி வரை வாரத்தில் மூன்று நான்கு இரவு அங்கேயே கிடக்க வேண்டும். அது முடிந்தால் மிளகு. தோட்டத்தில் இருப்பது மண்வெட்டியும் மருந்தடிக்கும் டேங்கும் போட்டுவைக்கிற தகரக் கொட்டகை ஒன்றுதான். லாட்ஜ் எடுக்கலாம் என்றால் சனி, ஞாயிறு வாடகை காபிக் காசைத் தின்றுவிடும். ஆகவே நானும் மனைவியின் தம்பியும் ஆளுக்கொரு வழியில் போனோம். இருவரிடமும் ஒரே ரக பொலேரோ பிக்கப். மாப்ள பின்னால் நிலையான பெட்டி கட்டினான். நான் கூரையைத் தூக்கினால் துணிச்சுவர் விரியும் மடக்கு வீடு கட்டினேன். இரண்டு பறிப்புப் பருவம் ஓடிவிட்டது. ‘எதுங்க நல்லது?’ என்று கேட்கிறவர்களுக்கு இதுவரை டீக்கடையில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு போட்டியும் இருந்தது: வண்டியின் தலையில் விரிக்கும் கூரைக் கூடாரம். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு சனி, ஞாயிறு பார்த்தேன். விரிக்க ஐந்து நிமிடம், விலையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. ஆனால் ஏணியில்தான் ஏற வேண்டும், ஏணியில்தான் இறங்க வேண்டும். சேர்வராயன் மலையில் இப்போது காட்டெருமை சாதாரணம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒதுங்க இறங்கும்போது கடைசிப் படிக்குக் கீழே என்ன நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துத்தான் கால் வைக்க முடியும். மாமியார் ஏணியைப் பார்த்தார், வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அதோடு அந்தப் போட்டி முடிந்தது.

முதல் வித்தியாசம் உயரம். பிக்கப்பின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 85 செ.மீ. மாப்ளையின் பெட்டிக்குள் ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதற்கு விலையாக அவன் வண்டி மொத்தம் 2.8 மீட்டர் உயரம். என் கூரையை இறக்கிப் பூட்டினால் 2.2 மீட்டர்தான். இரண்டடி வித்தியாசம். பைபாஸில் போகும்போது இது பெரிதாகத் தெரியாது, காற்று கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அவன் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் சரக்குக்கென்று போட்டவை, தாங்கும். ஆனால் எடை மேலே இருப்பதால் எதிரே பஸ் இறங்கும்போது ஓரம் கட்டுகிற டிரைவருக்கு வயிற்றைக் கலக்கும். குப்பனூர் வழியிலும் இதே கதைதான். தோட்டப் பாதைக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே சில்வர் ஓக் கிளை, அதில் ஏறிய மிளகுக் கொடி, கொட்டகைக்குப் போகும் தாழ்ந்த கரன்ட் கம்பி. முதல் வருடம் மாப்ள கையில் அரிவாளோடு கேபினை விட்டு இறங்கி ஏறி வந்தான். நான் அடியில் நுழைந்து போய்விட்டேன்.

இந்த மடக்குக் கூரை யோசனை அமெரிக்காவில் பழசு. கலிஃபோர்னியாவின் ஃபோர் வீல் கேம்பர்ஸ் 1972லிருந்து துணிச்சுவர் வைத்த ரகத்தைச் செய்கிறது. அதற்கும் முன்னால், 1950களிலேயே, அலாஸ்கன் என்ற ரகம் வந்துவிட்டது. அதில் துணியே கிடையாது. மேல்பாதிப் பெட்டி கீழ்பாதியின் மேல் தீப்பெட்டி உறை போல இறங்கும். அதைப் பார்த்துவிட்டு ‘நமக்கும் அப்படியே பண்ணலாம்’ என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். “நாலு மூலையும் ஒண்ணா ஏறணும், ஒண்ணா இறங்கணும். ஒரு மூலை முந்துச்சுன்னா கோணிக்கிட்டு மாட்டிக்கும். லாரி பாடின்னா கண்ணை மூடிட்டு கட்டித் தருவேன்ணா, இது வேண்டாம்” என்றார். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி பாடி கட்டிப் பழகிய கைக்கு எது வரும், எது வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துணிச்சுவருக்கே வந்தேன்.

எடை பற்றிச் சுருக்கமாக. நடுவில் நுரை அடைத்த பஃப் பேனல் போட்ட அவன் பெட்டி 520 கிலோ, அலுமினியச் சட்டத்தில் ஏசிபி என்ற அலுமினிய-பிளாஸ்டிக் ஷீட் அடித்த என்னுடையது 330 கிலோ. இரண்டையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். எங்கள் சரக்கு பிக்கப்புக்கு இரண்டும் ஒரு பொருட்டே அல்ல. சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் இசுஸு மாதிரி இரட்டை கேபின் பிக்கப்காரர்கள் மட்டும் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் வரம்பு. உட்காரும் ஆட்களின் எடையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அவர்களுக்கு மடக்கு வீடேகூட கனமாகிவிடலாம்.

இன்னொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. அதனால் இருவருமே பற்றவைக்காமல், கழற்றி இறக்கும்படி கட்டினோம். சேஸிஸிலிருந்து நான்கு டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கொக்கிகள், இழுத்துப் பிடிக்கும். கழற்ற முடிந்தால்தான் மற்ற நாளில் வண்டி உரமூட்டை ஏற்றிப் பிழைக்கும். ஏற்றியது தொட்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டோ அனுமதித்த உயரத்தை மீறியோ இருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ரூ.20,000. ஓடும்போது பின்னால் ஆள் படுத்திருக்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கழற்றுவதில் நான்தான் கெட்டிக்காரன்: பட்டறை உத்தரத்தில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டினால் அரை மணி நேரத்தில் தொங்கிவிடும். அவன் பெட்டிக்கு உத்தரத்தின் உயரம் போதவில்லை.

இதுவரை படித்தால் மடக்கு வீடு எல்லாவற்றிலும் ஜெயித்த மாதிரி இருக்கும். ராத்திரியானால் கதை மாறும்.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஏறக்குறைய எட்டு டிகிரி இறங்கும். டிசம்பர் விடியற்காலையில் மாப்ளையின் பெட்டிக்குள் ஒரு கம்பளி போதும். என் துணிச்சுவருக்குள் இரண்டு கம்பளியும் மங்கி குல்லாவும். அதையும் சமாளித்துவிடலாம், ஈரத்தைத்தான் சமாளிக்க முடியாது. இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகும். முதலில் நான் போட்டது லாரித் தார்பாய், பிவிசி பூசியது. ஒரு சொட்டு மழை உள்ளே வராது என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். உள்ளே இருந்த ஈரமும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. விடியும்போது மெத்தையின் ஓரம் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். மனைவி அதற்கு ‘உள்மழை’ என்று பெயர் வைத்தாள்.

இரண்டாவது வருடம் கெட்டிப் பருத்திக் கான்வாஸுக்கு மாறினேன். இதற்கு ஒரு சடங்கு உண்டு: தைத்ததும் விரித்துவைத்து நன்றாக நனைத்து, காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். நூல் ஊறி உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் மழையில் நிறுத்தினால் தையல் வரிசையில் ஒழுகும். ‘துணி சரியில்லை’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள், நான் போனேன். பருத்தி மூச்சு விடும், உள்மழை பாதிக்கு மேல் குறைந்தது. கூரையின் உட்புறம் தகரக் கொட்டகைகளுக்கு ஒட்டுவார்களே, அந்த வெள்ளி பபிள் ஷீட்டை ஒட்டியதில் தலைமேல் சொட்டுவதும் நின்றது. ஆனால் பருத்தியை ஈரத்தோடு மடக்கினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும். அதனால் பனிமூட்ட நாளில் மலையிறங்கினால் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்து முதல் வேலை, வாசலில் கூரையை மறுபடி தூக்கிக் காயவைப்பது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள். மாப்ள வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். இந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அடுத்து, நானே எனக்கு வைத்துக்கொண்ட ஆப்பு. என் கூரை வெறுமனே 48 கிலோ. முன்னும் பின்னும் பியானோ கீல் என்ற நீளக் கீல் வைத்த பிளைவுட் மடிப்புப் பலகைகளும், கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே அந்த ரக கேஸ் ஸ்பிரிங்குகள் நான்கும் இருந்ததால் ஒரு கையால் தூக்கலாம். பிறகுதான் ஆசை வந்தது. எட்டு கிலோவில் 100 வாட் சோலார் பேனல் ஒன்று, அது போதாதென்று இன்னொன்று. சாக்கு கட்ட 12 கிலோ கேரியர். பக்கத்தில் நிழலுக்கு ஒன்பது கிலோ சுருள் பந்தல். கூட்டினால் 37 கிலோ. பெட்டி வீட்டின் கூரையில் 37 கிலோ வைத்தால் வைத்ததுதான், மறந்துவிடலாம். மடக்கு வீட்டில் அதை ஒவ்வொரு சாயங்காலமும் உங்கள் தோள்தான் தூக்கும். மனைவியால் தனியாகத் தூக்க முடியாமல் போன அன்று இரவே கேரியரையும் பந்தலையும் கழற்றினேன். ‘பலமான ஸ்பிரிங் போடுங்க மாமா’ என்றான் மாப்ள. போட்டால் தூக்குவது சுலபம், இறக்கத் தொங்க வேண்டும். ஓடும்போது அந்த அழுத்தம் முழுவதையும் கொக்கிகள் தாங்க வேண்டும். அதிலும் ஒரு விசித்திரம்: ஸ்பிரிங்குக்குள் இருப்பது வாயு, குளிர்ந்தால் அழுத்தம் குறையும். சேலத்து மதியம் 38 டிகிரிக்கும் ஏற்காட்டு ராத்திரி 13 டிகிரிக்கும் நடுவில் எட்டு சதவீதம் போய்விடும். வாசலில் பூப்போல எழும்பும் கூரை, தோட்டத்தில் இருட்டியபின் முனகும். பட்டறையில் மத்தியான வெயிலில் தூக்கிப் பார்த்து ஸ்பிரிங் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மின்சாரத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவன் இன்வெர்ட்டர் ரக டியூபுலர் பேட்டரி வைத்தான், 50 கிலோவுக்கு மேல். நான் 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12 கிலோ. சுமார் 1,280 வாட் மணி. கரன்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் 224தான் போகும். டிசம்பரில் அதுவும் தேவையில்லை. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்தப் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது என்று வெளிநாட்டுக்காரர்கள் பயமுறுத்துவார்கள். ஏற்காட்டில் அந்தக் கவலை இல்லை. ஏப்ரல் வெயிலில் சேலத்துத் தெருவில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவைப்பதுதான் இதற்கு எமன்.

சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர். வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டருக்குத் தனி அறை, அதன் அடியில் வெளியே திறக்கும் துளை. மேலே ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே இழுத்து வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்டியில் அது எமன் என்று எல்லோருக்கும் தெரியும். துணிச்சுவர்தானே, காற்று வரும் என்று நினைப்பார்கள்; நனைந்த கான்வாஸ் அப்படி விடாது.

செலவு: அவனுக்கு 2.6 லட்சம், எனக்குத் துணி மாற்றியதையும் சேர்த்து 1.9 லட்சம். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போகிறீர்கள், ஐப்பசி மழையில் தங்கப் போகிறீர்கள், பாதை அகலம் என்றால் அவன் வழிதான் சரி. இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும், மரக்கிளைக்கு அடியில் நுழைய வேண்டும், வண்டிக்கு வேறு பிழைப்பும் உண்டு என்றால் மடக்கு வீடு. எனக்கு இன்னும் மடக்கு வீடுதான். மாமியார் மட்டும் அவன் பெட்டியில்தான் படுக்கிறார்.

குரங்கை மறந்துவிட்டேன். போன மே மாதம், கொட்டகைப் பக்கம் பலா பழுத்திருந்த சமயம், மனைவி உள்ளே வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு வந்துவிட்டாள். பத்து நிமிடத்தில் ஜன்னல் கொசுவலை ஒரு முழம் கிழிந்து தொங்கியது. சீப்பில் காம்பு மட்டும் மிச்சம். மாப்ளையின் பெட்டியை அவை தட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இப்போது ஜன்னல் மூன்றுக்கும் நைலானுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வலை தைத்திருக்கிறேன். மடக்கும்போது கொஞ்சம் விறைக்கிறது, கூரையில் ஒரு கிலோவும் கூடிவிட்டது. அடுத்த பலாப் பருவத்தில்தான் தெரியும்.