ஏரியா, துறைமுகமா?

ராயபுரத்துப் பிள்ளைக்குப் பாய்மரப் படகுப் பந்தயம் என்றால் முதலில் சென்னைத் துறைமுகம்தான். ஏரியில் போட்டியிட ஆசையா? ரயிலேறி ஹைதராபாத் உசேன் சாகருக்குப் போகலாம். இரண்டும் தண்ணீர்தானே என்று போனால் ஏமாந்துவிடுவோம்.

துறைமுகத்தில் வெயில் ஏறியதும் கடல்காற்று பிடிக்கும். பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை பெரும்பாலும் ஒரே பக்கம்தான். அங்கே சோதனை உடம்புக்கு: படகு விளிம்பில் பின்னால் சாய்ந்து தொங்கித் தொங்கித் தொடை நடுங்கும்.

ஏரியில் சோதனை கண்ணுக்கு. கரையெல்லாம் கட்டடம், காற்று உடைந்து, திசை மாறி மாறி வரும். எந்தப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது, சுமார் 45 டிகிரி விலகி, வளைந்து வளைந்துதான் பந்தயப் பாதையைக் காட்டும் மிதவையை எட்ட வேண்டும். அதனால் காற்று பத்து டிகிரி திரும்பினாலே கடைசிப் படகு முன்னால் வந்துவிடும். தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சிலிர்த்தால் அங்கே காற்று இறங்குகிறது என்று பொருள். காற்றோட்டத்தைக் காட்டப் பாயில் ஒட்டிய கம்பளி நூல் படபடத்ததுமே கை சுக்கானைத் திருத்த வேண்டும்.

ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் நம்ம சென்னைக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் துறைமுகம். அப்புறம் ஏரி. ஒரு வசதி, ஏரியிலிருந்து வந்தால் கப்பிகளில் உப்புக் கழுவும் வேலை கிடையாது.