முதல் கிளிக்கைத் தின்னும் ஸ்பீக்கர்: நான்கு வருடம் கழித்து

போன வாரம் என் ப்ளூடூத் ஸ்பீக்கரை சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு எடுத்துப்போய் ஆக்ஸ் ஜாக்கை, அதாவது போனிலிருந்து வரும் வயரைச் செருகும் துளையை, மாற்றிக்கொண்டு வந்தேன். 350 ரூபாய். கம்பெனி சர்வீஸில் போர்டையே மாற்றவேண்டும் என்று சொல்லி அதைப்போல பத்து மடங்கு கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே விஸ்காம் ஜூனியர் ஒருவன், "அண்ணா, பேண்ட் வீடியோவுக்கு உங்ககிட்ட இருக்கிற ஸ்பீக்கரையே வாங்கிடலாமா, இப்போ 6,000-க்கு வருது" என்று கேட்டான். நான் வாங்கியது 9,000-க்கு. வயிறு எரிந்தது, அதை விடுங்கள். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எழுதியே வைக்கிறேன். ஸ்பீக்கரின் பெயர் போடவில்லை, திட்டப்போகிறேன் என்பதால்.

வாட் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. வீட்டில் பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர்தான். நான் அதை வாங்கியது வேறு வேலைக்கு: பேண்ட் வாசிப்பதை வீடியோ எடுக்கும்போது ஏற்கெனவே ரெக்கார்ட் செய்த பாட்டை ஓட்ட, அதற்கேற்ப அவர்கள் வாயசைத்து வாசிப்பார்கள். சினிமா பாட்டு ஷூட்டிங்கில் இதற்கு நாக்ரா என்று பெயர். குடெல்ஸ்கி என்பவர் சுவிட்சர்லாந்தில் 1951-ல் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரின் பெயர் அது. டேப் போய் எவ்வளவோ காலமாகியும் செட்டில் அந்தப் பெயர் போகவில்லை. எங்கள் கல்லூரி ஷூட்களுக்கு நாக்ரா நான்தான், இந்த ஸ்பீக்கரும் ஒரு போனும்.

இதன் குற்றம் ஒன்றே ஒன்று. சில நொடி சத்தம் வராவிட்டால் உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் தூங்கிவிடுகிறது. மறுபடி பிளே அழுத்தினால் விழித்துக்கொள்ள அரை நொடி, சமயத்தில் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்கிறது, அதற்குள் வந்த சத்தமெல்லாம் போச்சு. பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. நாங்களோ பாட்டுக்கு முன்னால் தாளம் எண்ண நான்கு கிளிக், அதாவது 'டிக் டிக்' சத்தம், வைத்திருப்போம், நான்காவது முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக இறங்கவேண்டும். ஸ்பீக்கர் முதல் கிளிக்கைத் தின்றுவிடும். பாடுகிற பையன் மீதி மூன்றைத்தான் கேட்பான், நான்காவதற்காகக் காத்துக்கொண்டு ஒரு தட்டு தாமதமாக வாயைத் திறப்பான். கட். மறுபடி. லைட்டை நகர்த்த ஐந்து நிமிடம், அதற்குள் மறுபடி தூக்கம், மறுபடி மூன்று கிளிக். ஒரு பழைய அரிசி மில்லில் எடுத்தபோது டியூப்லைட்டால் கேமராவில் பட்டை பட்டையாக ஓடியது, நம் ஊர் கரண்ட் 50 சைக்கிள் என்பதால் ஷட்டரை 1/50-ல் வைத்ததும் அடங்கிவிட்டது, இரண்டு நிமிட வேலை. இந்த கிளிக் பிரச்சினை என்னவென்று புரியவே மூன்று மணி நேரம் போனது, அதுவரை பாடுகிறவனைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம் அவன்.

கிளிக் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், டிரம்ஸ். சிம்பலைப் பூப்போலத் தட்டி நடிக்கச் சொன்னால் கேமராவில் பொய் பளிச்சென்று தெரிகிறது, கை நிஜமாக விழவேண்டும். நிஜமாக அடித்தால் கேமரா மைக்கில் பாட்டே இருக்காது, வெறும் டமடமதான். எடிட்டில் கேமரா சத்தத்தையும் ரெக்கார்ட் செய்த பாட்டையும் அலைவடிவத்தை வைத்துத் தானாகப் பொருத்தச் சொன்னால் சாஃப்ட்வேர் திணறும். டிரம்ஸ் தொடங்குவதற்கு முன்னால் கேட்கும் அந்த நான்கு கிளிக்தான் பிடிமானம். அதைத்தான் இந்தச் சனியன் தின்கிறது.

செட்டிங்கில் இதை அணைக்க வழியே இல்லை, ஆப்பில் லைட் நிறம் மாற்ற மட்டும் பதினெட்டு வழி. கடைசியில் நானே ஒரு வழி செய்தேன். காதுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கிற மாதிரி பத்து நிமிட இரைச்சலை ஒரு ஃபைலாக ஆக்கி டேக்குகளுக்கு நடுவில் ஓடவிடுகிறேன், பாட்டு ஃபைலின் தலையிலும் அதே இரைச்சல் ஐந்து நொடி. ஸ்பீக்கர் தூங்குவதில்லை. ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25-ல் ஓட்டுவோம், அதற்குப் பாட்டை இரட்டை வேகத்தில் போடவேண்டும், அந்த ஃபைலுக்கும் இதே தலைதான். 9,000 ரூபாய் சாமானைத் தூங்காமல் வைத்திருக்க நான் தாலாட்டுக்கு எதிர்ப்பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் பயப்படுகிற ப்ளூடூத் தாமதம் உண்மையில் பெரிய பிரச்சினையே இல்லை. பாடுகிறவனும் கேமரா மைக்கும் ஒரே ஸ்பீக்கரைக் கேட்கும்வரை தாமதமும் எல்லோருக்கும் ஒன்றுதான். கேமரா 10 மீட்டர் தள்ளி இருந்தாலும் சத்தம் வந்துசேர ஒரு ஃப்ரேம்கூட ஆகாது. நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். டிரம்மருக்குக் கேட்கவில்லை என்று தனிப் போனில் வயர் இயர்போன் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி இரண்டு போனிலும் ஒன்றாகப் பிளே அழுத்தினோம். வயரில் அந்தத் தாமதம் இல்லையே, எடிட்டில் பார்த்தால் டிரம்மர் மற்றவர்களைவிட ஐந்து ஃப்ரேம் முன்னால், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. முழு சரணமும் வீண். அதற்கப்புறம் ஒரே போனில் ஸ்ப்ளிட்டர், ஒரு முனை டிரம்மர் காதுக்கு, இன்னொன்று ஆக்ஸ் வழியாக ஸ்பீக்கருக்கு. நான்கு வருடம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியதில்தான் ஜாக் ஆடிப்போனது, அதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லமுடியாது.

நியாயமாக ஒன்று சொல்லியாகவேண்டும். இதன் பேஸ் அபாரம். இயர்போன் இல்லாத நாளில் டிரம்மர் ஸ்டூலுக்குப் பின்னால், கேமராவில் படாமல் தரையில் வைத்துவிட்டால் பாட்டு அவன் காதில் விழுகிறதோ இல்லையோ, பாட்டிலிருக்கும் கிக் டிரம்மின் அடி முதுகில் விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு தாளம் பிசகாமல் அடிக்கிறான். அந்த முகம் நடிப்பில் வராது. இதைவிட விலை கூடிய ஒன்றை ஒருமுறை வாடகைக்கு எடுத்தோம், சத்தம் அதிகம், ஆனால் இந்த உதை இல்லை.

ஆகவே தம்பி, வாங்காதே. 6,000-க்கும் வேண்டாம். என்னுடையதையும் கேட்காதே, சனிக்கிழமை எனக்கு ஷூட் இருக்கிறது. இரைச்சல் ஃபைல் வேண்டுமானால் அனுப்புகிறேன்.