கேமரா பொருத்திய பைனாகுலரா, இரண்டும் தனித்தனியா?

பறவை பார்க்கத் தொடங்குவோர் பலர், கேமரா பொருத்திய பைனாகுலரை வாங்குவதா, 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ் கொண்ட) பைனாகுலரோடு தனி ஜூம் கேமராவை வாங்குவதா எனத் தயங்குகின்றனர்.

படத்தரம்: மலிவான கூட்டுக் கருவிகளில் கேமராவுக்கெனத் தனியே சிறு லென்ஸ் இருப்பதால், கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும் நத்தைகுத்தி நாரையின் அலகிடைவெளி படத்தில் மங்கிப்போவதுண்டு. நிக்கான் பி950 போன்ற கேமராவோ 83 மடங்கு ஜூமில் அதைத் தெளிவாகப் பிடிக்கும்.

விலை: 2024இல் வந்த ஸ்வரோவ்ஸ்கி ஏஎக்ஸ் விசியோ என்னும் கேமரா பொருத்திய பைனாகுலர், 13 மெகாபிக்சல் படம் எடுப்பதோடு பறவையின் பெயரையும் சொல்லும், ஆனால் அதன் விலைக்குத் தரமான தனிக்கருவிகள் இரண்டையும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

உழைப்பு: பைனாகுலருக்குள் ஒளியைத் திருப்பும் நல்ல பட்டகம் (பிரிசம்) பல பத்தாண்டுகள் உழைக்கும், மின்னணு பாகம் விரைவில் பழசாகும்.

கழுத்தில் ஒரே சுமை போதும், செலவு பொருட்டல்ல என்போருக்கு விசியோ பொருந்தும். அச்சிடத்தக்க படம் வேண்டுவோர் தனித்தனியாகவே வாங்கலாம். மலிவான கூட்டுக் கருவியை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.