துடிக்கும் கட்டி: அடிபட்ட நாடியா, அழற்சி கண்ட நாடியா?

வன்னியில் ஒருவருடைய தலையில் தடிப்பொன்று தோன்றினால், பழைய செல் (எறிகணை) துண்டாக இருக்கும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். 2009 வரை நீடித்த போரில் காயப்பட்ட பலர் இன்னமும் உடலில் உலோகத் துண்டுகளோடு வாழ்வதால் அந்த ஊகத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் காதுக்கு முன்னால் ஏறி நெற்றிப்பொட்டருகே இரண்டாகக் கிளைக்கும் நாடியின் (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் குழாயின்) மேல் உள்ள கட்டி, விரலை வைத்ததும் நாடித்துடிப்போடு எழுந்து தணியுமாயின், அது நாடி வீக்கமாக இருக்கக்கூடும். அதைச் சீழ்க்கட்டியென்று எண்ணிக் கீறிவிடக் கூடாது.

இத்தகைய வீக்கங்களில் பெரும்பாலானவை அடிபட்டதால் வருபவை. நாடிச் சுவர் கிழிந்து, வெளியேறிய குருதியைச் சுற்றி நார்த்திசு உறைபோலப் படர்ந்து, சில வாரங்களில் கட்டி தெரியவரும். வலி பெரிதாக இராது. நாடியை இருபுறமும் கட்டி வீக்கத்தை அகற்றினால் அநேகமாக அத்தோடு தீரும்.

அழற்சியால் வரும் வீக்கம் அரிது, ஆயினும் அதைத் தவறவிடுவதன் விலை பெரிது. இங்கே நாடிச் சுவரே உள்ளிருந்து சிதைந்து, வலுவிழந்து பிதுங்குகிறது. 50 வயதைக் கடந்தவருக்குப் புதிய தலைவலி, தலைவாரும்போது உச்சந்தோலில் நோவு, மெல்லும்போது தாடை களைத்து வலித்தல் ஆகியவை சேர்ந்திருந்தால் இராட்சதக் கல நாடி அழற்சியை நினைக்க வேண்டும். அது ஆசியர்களிடம் குறைவுதான். எனினும் கண்ணுக்கான குருதியோட்டத்தை அடைத்து மீளாத பார்வையிழப்பை உண்டாக்கவல்லது. இளையவராயின், சிலரில் ஹெப்படைட்டிஸ் பி தொற்றோடு தொடர்புபடும் பல்நாடி அழற்சியையும் எண்ணி, குருதியமுக்கத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

பரிசோதனைகளுள் எதை முதலில் தெரிவது? உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ஆகிய இரு குருதிப் பரிசோதனைகளும் எளியவை, ஆனால் வேறு தொற்றுகளிலும் உயரும். ஒலியலைகளால் குருதியோட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான் வீக்கத்தின் தன்மையையும் அழற்சியால் தடித்த சுவரையும் காயமின்றிக் காட்டும். உலோகத் துண்டு இருக்கக்கூடிய உடலை எம்.ஆர்.ஐ காந்தத்துக்குள் அனுப்புமுன் யோசிக்க வேண்டிய எங்கள் பகுதியில் நான் டொப்ளர் ஸ்கானையே முதலில் வைப்பேன். நாடித் துண்டை வெட்டியெடுத்துச் செய்யும் பயொப்சி உறுதியான விடை தரலாம், ஆனால் அழற்சி இடைவிட்டுப் படர்வதால் நோயற்ற துண்டு அகப்படவும் கூடும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்து தொடங்கிய சில நாட்களில் ஸ்கான் அடையாளம் மங்கத் தொடங்கும், பயொப்சி அடையாளமோ இரண்டு வாரமேனும் நிற்கும். ஆகவே பார்வைக்கு ஆபத்தென்று வைத்தியர் கருதினால், முடிவுக்காகக் காத்திராமல் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீரொயிட்டைத் தொடங்குவதே சரி. நீரிழிவுள்ளவருக்குச் சீனி ஏறும் என்பதால் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

அடிபட்ட கதை தெளிவாக இருந்து சத்திரசிகிச்சையே தெரிவானாலும், அகற்றிய துண்டை வீசாமல், திசுவைக் கெடாமல் காக்கும் போமலினில் இட்டு நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்படி நோயாளியின் வீட்டார் கேட்கலாம்.