எம்ஜிபி, ஒன்பது வருடம், ஒரு பூரிக்கட்டை

போன வாரம் நண்பன் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது இரண்டு பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம், குரோம் பம்பர், 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது', 18,000 பவுண்டு. அதன் கீழே ஒரே வரி: "வாங்கலாமாடா?"

என்னிடமும் ஒன்று இருக்கிறது. 1973 மாடல், அதுவும் சிவப்பு. அதையும் 'முழுமையாகப் புதுப்பித்தது' என்று சொல்லித்தான் 2016-ல் என் தலையில் கட்டினார்கள். அதனால் ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

1798 சிசி எஞ்சின், எஸ்யு கம்பெனியின் இரட்டைக் கார்ப்பரேட்டர், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி என்பதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சரி, அதை விடுங்கள். நான் பேச வந்தது டேங்கிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பைப் பற்றி.

சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்பக்கம் அடியிலிருந்து 'டக்டக்டக்டக்' என்று ஒரு சத்தம் வரும். கார்ப்பரேட்டர் கிண்ணங்கள் நிரம்ப நிரம்ப அது 'டக்... டக்...' என்று மெதுவாகி, பிறகு நின்றுவிடும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "என்ன இது, உள்ளே யாராவது கதவைத் தட்டுறாங்களா?" என்றாள். நானும் பெருமையாக விளக்கம் சொன்னேன்: காந்தச் சுருள் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும், இழுத்த வேகத்தில் பாயிண்ட், அதாவது கரண்டைக் கடத்தும் உலோக முனைகள், விலகிக் கரண்ட் அறுபடும், ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ளும், பாயிண்ட் மறுபடி ஒட்டும். ஒவ்வொரு 'டக்'கும் ஒரு மடக்குப் பெட்ரோல்.

அந்தப் பெருமை நான்கு மாதம் தாங்கியது. அக்டோபர் மாதம், ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஸ்நேக் பாஸ் சாலை. 1,680 அடி உயரம், சுற்றிலும் புல்வெளியும் மூடுபனியும் தவிர ஒன்றும் இல்லை. மேலே ஏறி முடிக்கும் நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு அணைந்தது. சாவியைத் திருப்பினால் டக் சத்தமே இல்லை. அன்று இழுவை வண்டியில் வீடு வந்து சேர்ந்தோம். உள்ளூர் ஒர்க்‌ஷாப் ஒன்று கார்ப்பரேட்டர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து 300 பவுண்டு வாங்கிக்கொண்டது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆகத்தானே செய்யும்? கழற்றிப் பூட்டும்போது எங்கேயோ கொடுத்த அதிர்வில் பம்ப் தானாகவே விழித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் அதே கதை.

அனுபவசாலி ஒருவர்தான் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார். பாயிண்ட் கருகிப்போனால் பம்ப் அடம் பிடிக்கும், ஒரு தட்டு தட்டினால் மறுபடி ஓடும். தட்டுவது பெரிய விஷயமில்லை, எட்டுவதுதான். என் 1973 மாடலில் பம்ப் இருக்கும் இடம் வலது பின்சக்கரத்துக்கு முன்னால், பேட்டரிப் பெட்டியை ஒட்டி, தரையைப் பார்த்தபடி. ஈர ரோட்டில் மல்லாந்து படுத்துக் கையை நீட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் பயம், கையால் தட்டினால் போதாது. கடைசியில் வீட்டுப் பூரிக்கட்டை கச்சிதமாகப் பொருந்தியது. ஏழு வருடமாக அது சீட்டுக்குப் பின்னால்தான் குடியிருந்தது. மனைவி வேறொன்று வாங்கிக்கொண்டாள்.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். அரை நூற்றாண்டு பழைய பம்ப் அது. மூடியைக் கழற்றிப் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஒரு வருடம் ஓடும், செலவு பூஜ்யம். இன்றைய காரில் பம்ப் போனால் தேய்க்க ஒன்றும் கிடையாது, பில்லைத்தான் பார்க்கலாம். ஆகவே செய்தவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை.

கோபமெல்லாம் புதுப்பித்தவர்மீதுதான். வண்டியோடு தடிமனான ஒரு ஃபைல் கொடுத்தார்கள். புது சீட், புது கார்ப்பெட், புது குரோம், புது ஹூட் (மடக்கும் துணிக்கூரை), எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. பம்புக்கு மட்டும் இல்லை. பெட்ரோல் ஹோஸுக்கும் இல்லை. 2021 செப்டம்பரில் இங்கே பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 ஆனபோது, பத்து சதவீத எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டு அடியில் போய்ப் பார்த்தேன். ஹோஸ் முழுக்க வெடிப்பு. விரலால் அழுத்தினால் கருப்பாக ஒட்டியது. புகைப்படத்தில் தெரிவதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், தெரியாததைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறார்கள்.

சந்தேகம் வந்ததும், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதி ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்கினேன். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள். என் வண்டி ஆபிங்டனை விட்டுக் கிளம்பும்போது சிவப்பே இல்லை, ஹார்வெஸ்ட் கோல்ட், அதாவது முற்றிய கடுகுப்பூ மாதிரி ஒரு மஞ்சள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் அந்த மஞ்சள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மஞ்சளே பிடித்திருக்கிறது.

போன வருடம் பொறுமை இழந்து பம்பை மாற்றினேன். அதே எஸ்யு கம்பெனியுடையதுதான், ஆனால் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக். டக் சத்தம் அப்படியே இருக்கிறது, அடம் மட்டும் இல்லை. பதினான்கு மாதமாக ஒரு முறைகூட நிற்கவில்லை. ஆனாலும் காது இன்னும் பின்பக்கமேதான் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ரேடியோ போடமாட்டேன். இரண்டு மாதம் முன்பு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பியபோது டக் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. உடனே பானெட்டைத் திறந்தால் முன் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது, கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வில் தூசி. எந்த விளக்கும் எரியவில்லை, எந்த கம்ப்யூட்டரும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் நான் திட்டிய அதே சத்தம்தான் சொன்னது. அதற்காக அதை மன்னிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மோட்டார்வேயில் எழுபது மைலில் நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றில் கதறும். ஒரு சின்ன சுவிட்ச். கிளட்ச் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 3,200-க்கு இறங்கி, வண்டி பெருமூச்சு விட்டதுபோல் அமைதியாகிவிடும். ஹூட்டைத் திறந்து பக்ஸ்டனிலிருந்து மலைச்சாலையில் மாலை நேரத்தில் வந்து பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு எந்தக் காரும் எனக்கு வேண்டாம்.

அப்புறம் என்ன, வாங்கலாமா? வேண்டாம். இதைத்தான் நண்பனுக்கு எழுதினேன். 18,000 பவுண்டில் பாதி பெயிண்டுக்குக் கொடுக்கும் விலை. 'எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தேவையில்லை' என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லைதான். அப்படியென்றால் அடிப்பக்கத்தை வருடாவருடம் யாரும் பார்க்க வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம்? வண்டியைத் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள். அதற்குள் துரு இருக்க, மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் கண்ணாடிபோல் மின்னும். பக்கவாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகு அவனிடமிருந்து வந்த பதில்: "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

போகிறோம். ஜாக்கியும், பட்டி இருக்கிறதா என்று பார்க்கக் காந்தமும், டார்ச்சும் நான் எடுத்து வருகிறேன். நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று விற்பவரிடம் சொல்லிவைப்பது அவன் வேலை. குளிர்ந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும் அந்த டக் எத்தனை வேகத்தில் தொடங்கி எப்போது நிற்கிறது என்று நான் கேட்க வேண்டும்.