பெயர்ப் பலகை இல்லாத கடை: திருபுவனத்தில் எடுத்த நிச்சயதார்த்தப் பட்டு

மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் கும்பகோணத்துப் பெரிய கடைகளில் ஏறி இறங்கி அலுத்துப்போய், நேரே பட்டு நெய்யும் திருபுவனத்துக்கே போய்விட்டோம். கம்பகரேசுவரர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தறி வீடு. பலகை கிடையாது, நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நம்பர்தான் விலாசம்.

சௌராஷ்டிரக் குடும்பம். கூடத்தில் இரண்டு தறிக்குழி. ஒன்றில் அண்ணன் நெய்கிறார். மற்றதைப் பலகை போட்டு மூடி ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள், அதுதான் கடை. அக்கா புடவையைப் பிரித்துக் காட்ட, பரமக்குடியிலிருந்து வந்த மருமகள் வட்ட விளக்கைப் போட்டு வீடியோ எடுக்கிறாள்.

"முன்னே முதலாளி பாவும் பட்டும் குடுப்பாரு, கூலிக்கு நெய்வோம். விசைத்தறிப் புடவை வந்ததும் கூலி ஏறல. பட்டுப்புடவை கைத்தறிக்குன்னு 1985லயே சட்டம் இருக்கு, யாரு பாக்குறா? இப்ப நாங்களே நெய்ஞ்சு நாங்களே விக்கிறோம். தறி ஒண்ணு குறைஞ்சுது, பேச்சு கூடிப்போச்சு" என்றார் அக்கா.

நான் கேட்பதற்கு முன்பே, "இது அசல் ஜரிகை இல்ல, அதான் விலை கம்மி" என்று ஒன்றை ஒதுக்கி வைத்தார். அசல் ஜரிகையில் ஒரு இழையின் நுனியை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது, அதுதான் அசலுக்கு அடையாளம். பெரிய கடையில் யாரும் இப்படிச் சுரண்டிக் காட்டவில்லை.

எங்களிடம் தஞ்சாவூர்த் தமிழ், அவர்களுக்குள் சௌராஷ்டிரம். நான் பேரம் பேசும்போது அண்ணன் தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அக்கா உடனே ஐந்நூறு குறைத்தார். அதற்கு அர்த்தம் தெரிந்திருந்தால் இன்னொரு ஐந்நூறு கேட்டிருப்பேன்! கடைசியில் 22,000 ரூபாய், ஜிபே.

நாங்கள் கேட்ட நிறம் கைவசம் இல்லாததால் நெய்யச் சொன்னோம். குறைகளும் அங்கேதான். இருபது நாள் என்றார்கள், முப்பத்தொன்று ஆனது. ஓடுவது ஒரு தறி, நடுவில் தீபாவளி; நியாயம்தான், ஆனால் முன்கூட்டியே ஒரு போன் செய்திருக்கலாம். அப்புறம், அவர்கள் அனுப்பிய வீடியோவில் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்த முந்தி, கையில் வாங்கியபோது மாம்பழ மஞ்சள். மகளுக்கு அதுவே பிடித்துவிட்டது, தப்பித்தோம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் புடவை. விசிறி மடிப்பு கலையாமல் வந்தது. அதைத் திரும்ப மடிக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை.

நிறம் முக்கியம் என்றால் வீடியோவை நம்பாமல் நேரில் போங்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள், தறிச் சத்தத்தில் கதவு தட்டுவது உள்ளே கேட்காது.