போர்க்காலக் கையெழுத்து: படம் வாங்குவதா, கடிதம் வாங்குவதா?

இரண்டாம் உலகப் போர்த் தளபதி ஒருவரின் கையெழுத்து வீட்டில் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினால், கடைசியில் இரண்டு பொருள்களுக்கு இடையில்தான் வந்து நிற்பீர்கள். ஒன்று கையெழுத்திட்ட புகைப்படம். மற்றது போர் நடந்துகொண்டிருந்தபோதே தட்டச்சில் அடித்து அவர் கையெழுத்து வைத்த கடிதமோ உத்தரவோ. இரண்டையும் வாங்கி வைத்துப் பார்த்தவன் நான், இப்போது கடிதம் மட்டும்தான் வாங்குகிறேன். திருகோணமலையில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்வேன், காரணம் பெரும்பாலும் எங்கள் காற்று.

எங்கள் ஊர்க்காரருக்கு இந்த ஆசை வருவது இயல்பு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின, அதே நாளில் பிரித்தானியாவின் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. எண்ணெய்க் குதங்கள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன, நிலாவெளி வீதியில் போர் மயானம் இருக்கிறது. இங்கே இருந்து கட்டளையிட்டவர்களின் கை பட்ட தாள் ஒன்று வேண்டும் என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். (முப்பது வருட எங்கள் போரின் தாள்களை நான் சேகரிப்பதில்லை, அதைப் பற்றி இங்கே பேசவும் இல்லை.)

படத்தின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகம் தெரியும், சுவரில் மாட்டலாம், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் படம் 1943 இல் எடுத்ததாக இருந்தாலும் கையெழுத்து 1960 இல் போட்டதாக இருக்கலாம். பிரித்தானியத் தரைப்படைத் தளபதி மொன்ட்கொமரி 1946 இல் பிரபுப் பட்டம் பெறும்வரை 'பி. எல். மொன்ட்கொமரி' என்றுதான் கையெழுத்திட்டார், பிறகு 'மொன்ட்கொமரி ஒஃப் அலமெயின்'. தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனும் அப்படித்தான், போர்க்காலத்தில் 'லூயி மவுண்ட்பேட்டன்', பட்டம் வந்த பிறகு 'மவுண்ட்பேட்டன் ஒஃப் பர்மா'. அவர் 1979 வரை இருந்தவர், கேட்டவர்களுக்குப் போட்டுக் கொடுக்க எவ்வளவோ காலம் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரித்தானியக் கீழைக் கடற்படையை நடத்திய சோமர்வில் 1949 இலேயே இறந்துவிட்டார், அவருக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

கடிதத்தில் திகதியும் இடமும் அச்சாகவே நிற்கும், அதை வரலாற்றோடு ஒட்டிப் பார்க்கலாம். மவுண்ட்பேட்டனின் தலைமையகம் டில்லியில் இருந்து கண்டிக்கு வந்தது 1944 ஏப்ரலில். கண்டித் தலைப்போடு 1943 திகதியிட்ட கடிதம் ஒன்றை யாராவது நீட்டினால் வாங்குவதற்கு முன் நிறையக் கேள்வி கேளுங்கள். அதேபோல் 1942 தாக்குதலுக்குப் பிறகு கீழைக் கடற்படை ஆப்பிரிக்கக் கரையில், கென்யாவில் உள்ள கிளிந்தினித் துறைமுகத்துக்குப் போய், 1944 தொடக்கத்தில்தான் திருகோணமலைக்குத் திரும்பியது. இந்த மாதிரி ஒரு படத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

சரி, இதெல்லாம் கொழும்பில் ஏசி அறையில் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்புத்தான். அந்தக் காலத்துப் படத்தின் மேல்தோல் ஜெலட்டின், எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கிற புரதம். ஈரத்தைக் குடித்து ஊதும், பூஞ்சணத்துக்கு அது நல்ல தீனி. ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குப் பயப்பட வேண்டும், மாரியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே 80 ஐத் தாண்டுவது சாதாரணம். பிறகு கச்சான் (தென்மேற்கில் இருந்து வரும் காய்ந்த காற்று) அடிக்கிற மாதங்களில் எல்லாம் காய்ந்து சுருங்கும். ஜெலட்டின் ஒரு அளவில் சுருங்கும், அதன் கீழே இருக்கிற தாள் வேறு அளவில் சுருங்கும், படம் வளையும், மேல்தோல் வெடிக்கும். இதில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: அந்த மேல்தோலின் மேலே. மை உள்ளே இறங்க அங்கே இழை கிடையாது. தோல் வெடித்தால் மையும் உதிரும். கண்ணாடிச் சட்டத்துக்குள் நேராகப் போட்டாலோ மாரியில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்து எடுக்கிறபோது கையெழுத்தும் கண்ணாடியோடு வந்துவிடும்.

கடிதத்தில் மை தாளின் இழைக்குள் இறங்கியிருக்கும். அதுவும் இரும்புச் சத்துள்ள நீலக்கறுப்பு மையாக இருந்தால் ஈரத்துக்கும் ஓரளவு நிற்கும். வெளிச்சம்தான் எதிரி, சாதாரண நீல மை வெயில் படுகிற சுவரில் வெளிறியே தீரும். போர்க்காலத் தாள் நல்ல தாள் என்று சொல்ல மாட்டேன். தட்டுப்பாட்டுக் காலத்து மரக்கூழ்த் தாள், அமிலம் உள்ளது, மஞ்சளாகி மடிப்பில் உடையும், இராமபாணப் பூச்சிக்கும் பிடிக்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடிய வழி இருக்கிறது. முதலில் குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள், உப்புக் காற்றில் அவை துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அமிலமற்ற அட்டை ஒன்றின் மேல் வைத்து, இரண்டு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், பி.வி.சி. என்ற மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதை மூடி இறுக்கமான பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்றும் வையுங்கள். 50 முதல் 55 வீதத்தில் ஆடாமல் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கிற அலுமாரியில் வைக்காதீர்கள்.

தயவுசெய்து லெமினேட் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழையும் பாடசாலைச் சான்றிதழையும் போட்டோ கொப்பிக் கடையில் கொடுத்து லெமினேட் செய்கிற பழக்கம் எங்களிடம் நிறைய, அதே நல்லெண்ணத்தில் இதையும் கொடுத்துவிட்டால் சூட்டில் உருகிய பசை தாளோடு ஒன்றாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. சலோட்டேப்பும் அப்படித்தான்.

படத்தையும் இப்படிப் பெட்டியில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், நிச்சயமாக அதிக நாள் இருக்கும். ஆனால் படத்தை வாங்குவதே சுவரில் பார்ப்பதற்காக. கடிதத்தை ஸ்கான் செய்து பிரதியை மாட்டிவிட்டு, மூலத்தைத் தேவைப்படும்போது எடுத்து வாசிக்கலாம், கடிதத்தின் பெறுமதி வாசிப்பதில்தானே இருக்கிறது.

கடிதத்துக்கும் பொறி உண்டு. நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசனோவர் நோர்மண்டித் தரையிறக்கத்துக்காக விடுத்த 1944 ஜூன் 6 நாளாணை (படைக்கு விடுக்கும் அன்றைய செய்தி) படைவீரர்களுக்கு அச்சாகவே கொடுக்கப்பட்டது, கையெழுத்தும் அச்சு. மொன்ட்கொமரி படைக்கு விடுத்த செய்திகளும் அப்படி அச்சிட்டு விநியோகித்தவை. உருப்பெருக்கியில் பார்த்தால் உண்மையான மையில் பேனா அழுத்திய தடமும் கோடு கோட்டைக் கடக்கிற இடத்தில் கருமையும் தெரியும். கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா விளக்கைப் பிடித்தால் தாள் நீலமாகப் பளிச்சிடக்கூடாது, அப்படிப் பளிச்சிட வைக்கிற வெண்மையூட்டிகள் தாளில் பரவியது 1950 ஐ ஒட்டித்தான். பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததும் 1945 கடைசியில்தான், ஆகவே 1942 தாளில் அதைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். கோப்பு இலக்கம், நூலக முத்திரை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், அரச சுவடிகளில் இருந்து காணாமல் போன தாள் உங்களுக்கு வேண்டாம். தனி ஒருவருக்கு எழுதிய நன்றிக் கடிதங்கள் இந்த வகையில் பாதுகாப்பானவை.

மறுவிற்பனை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நான் எதையும் விற்றதில்லை. ஒரு போர் நடவடிக்கையைப் பேசுகிற கடிதத்துக்கும் விருந்துக்கு வர முடியாது என்று எழுதிய கடிதத்துக்கும் விலை வித்தியாசம் பெரியது என்பதை வாங்கும்போதே பார்த்திருக்கிறேன். ஜப்பானியத் தளபதிகளின் தாள்களில் கையெழுத்தைவிட முத்திரைக்கே இடம் அதிகம், அந்த எழுத்தை வாசிக்கிறவர்கள் சேர்க்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முகம் வேண்டும் என்பவர்கள், படத்தின் மேல் அல்லாமல் அதை ஒட்டியிருக்கிற அட்டையில் கையெழுத்திட்டதைத் தேடுங்கள். ஸ்டூடியோப் படங்களில் அப்படிப் போடும் வழக்கம் இருந்தது. அங்கே மை அட்டையின் இழைக்குள் இருக்கும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லி, வெயில் படாத உள்சுவரில் மாட்டலாம். மாரி தொடங்குமுன் இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.